அமெரிக்காவில் குடியேற்ற வழக்கறிஞரைத் தேடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் வழக்கறிஞர் அல்ல. நியூஜெர்சியில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவு, பள்ளி மாற்றுச் சான்றிதழ் போன்றவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கொடுப்பது பல ஆண்டுகளாக என் வேலை. காகிதங்களைக் கொண்டுவருபவர்கள் கூடவே கேள்விகளையும் கொண்டுவருவார்கள். அவற்றில் திரும்பத் திரும்ப வந்தவற்றையும், வழக்கறிஞர்களிடமிருந்தும் அரசு வெளியிடும் விளக்கங்களிலிருந்தும் நான் அறிந்துகொண்ட பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். இவை பொதுவான விளக்கங்களே. உங்கள் வழக்குக்கான சட்ட ஆலோசனை ஆகா. படிவங்களும் கட்டணங்களும் அடிக்கடி மாறுவதால், எதையும் அனுப்புவதற்கு முன் குடியேற்றத் துறையான யுஎஸ்சிஐஎஸ்ஸின் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த விண்ணப்பமானாலும் வழக்கறிஞர் தேவையா?

தேவையில்லை. பத்தாண்டு முடிந்த கிரீன் கார்டைப் புதுப்பிக்கும் ஐ-90, முகவரி மாற்றத்தைத் தெரிவிக்கும் ஏஆர்-11 போன்றவற்றை நீங்களே நிரப்பிவிடலாம். கைது, வரி பாக்கி, நீண்ட வெளிநாட்டு வாசம் எதுவும் இல்லாதவர் குடியுரிமைக்கான என்-400 விண்ணப்பத்தையும் பொறுமையாகத் தாமே முடிக்கலாம், பலர் முடித்திருக்கிறார்கள்.

எப்போதாவது ஒருமுறை கைதாகியிருந்தால், அந்த வழக்கு தள்ளுபடியாகியிருந்தாலும், வழக்கறிஞரைப் பார்க்காமல் எந்தப் படிவத்திலும் கையெழுத்திடாதீர்கள். அனுமதித்த காலத்துக்கு மேல் தங்கியவர்கள், முன்பு ஒரு விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர்கள், பழைய விசா மனுவில் உண்மைக்கு மாறாக ஏதேனும் எழுதிவிட்டவர்கள், குடியேற்ற நீதிமன்றத்திலிருந்து அழைப்பு வந்தவர்கள், அடைக்கலம் கோருபவர்கள் ஆகியோருக்கும் இதுவே பொருந்தும். இவர்கள் விண்ணப்பித்து மறுக்கப்பட்டால் இழப்பது கட்டணத்தை மட்டுமல்ல. அந்த விண்ணப்பமே அவர்களை நாடுகடத்தும் வழக்கின் தொடக்கமாகிவிடக்கூடும்.

நான் டெக்சாஸில் இருக்கிறேன். கலிபோர்னியா வழக்கறிஞரை அமர்த்தலாமா?

அமர்த்தலாம். குடியேற்றச் சட்டம் கூட்டாட்சி அரசின் சட்டம் என்பதால், ஏதேனும் ஒரு மாநிலத்தில் உரிமம் பெற்ற வழக்கறிஞர் நாட்டின் எந்த மூலையில் இருப்பவருக்காகவும் யுஎஸ்சிஐஎஸ் முன்னும் குடியேற்ற நீதிமன்றங்களிலும் வாதாட முடியும். ஆனால் உங்கள் வழக்கில் விவாகரத்தோ குற்ற வழக்கோ பின்னிக்கிடந்தால், அந்தப் பகுதிக்கு உங்கள் மாநில வழக்கறிஞர் தனியாக வேண்டும். இருவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள வேண்டும்.

ஒருவர் உண்மையிலேயே உரிமம் பெற்ற வழக்கறிஞர்தானா என்று எப்படி அறிவது?

பெயரையும் எந்த மாநிலத்தில் உரிமம் பெற்றவர் என்பதையும் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு மாநிலமும் தன் வழக்கறிஞர்களின் பட்டியலைப் பொதுமக்கள் தேடிப்பார்க்கும்படி வைத்திருக்கிறது. கலிபோர்னியாவில் மாநில பார் அமைப்பும், நியூயார்க்கில் மாநில நீதிமன்ற நிர்வாகமும் அதைப் பராமரிக்கின்றன. உரிமம் நடப்பில் இருக்கிறதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்பதை ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். குடியேற்ற நீதிமன்றங்களை நடத்தும் நீதித்துறைப் பிரிவும் தண்டிக்கப்பட்ட வழக்கறிஞர்களின் பட்டியல் ஒன்றைத் தனியாக வெளியிடுகிறது.

1946இல் தொடங்கப்பட்ட அமெரிக்கக் குடியேற்ற வழக்கறிஞர் சங்கத்தின் உறுப்பினர் பட்டியல், தேடலைத் தொடங்க நல்ல இடம். ஆனால் சங்க உறுப்பினர் என்பது வேறு, உரிமம் பெற்றவர் என்பது வேறு, இரண்டையும் பாருங்கள்.

வழக்கறிஞர் அல்லாத ஒரு பிரிவினருக்கும் சட்டம் இடம் தருகிறது. அங்கீகாரம் பெற்ற தொண்டு நிறுவனங்களில் பணிபுரியும், நீதித்துறையின் ஒப்புதல் பெற்ற பிரதிநிதிகள் அவர்கள். பகுதி ஒப்புதல் பெற்றவர் குடியேற்றத் துறையின் முன் மட்டும் உங்களுக்காக ஆஜராகலாம். முழு ஒப்புதல் பெற்றவர் குடியேற்ற நீதிமன்றத்திலும் ஆஜராகலாம். கையில் பணம் குறைவாக இருப்பவர்கள் இவர்களை முதலில் தேடுவது நல்லது. சில சட்டக் கல்லூரிகளிலும் பேராசிரியர்களின் மேற்பார்வையில் மாணவர்கள் இலவசமாக வழக்குகளை நடத்துகிறார்கள்; நான் பார்த்தவரையில் அவர்களின் உழைப்பு எந்தப் பெரிய அலுவலகத்துக்கும் குறைந்ததில்லை.

எங்கள் பகுதியில் ஒரு நோட்டரி குறைந்த கட்டணத்தில் எல்லாப் படிவமும் நிரப்பித் தருகிறார். அவரிடம் போகலாமா?

போகாதீர்கள். நம் ஊரில் நோட்டரி பப்ளிக் என்றால் பல ஆண்டுகள் தொழில் செய்த வக்கீல். இலங்கையில் நொத்தாரிசு என்றால் காணி உறுதி எழுதும் சட்டம் படித்தவர். அந்த மரியாதையை மனத்தில் வைத்துக்கொண்டே பலர் இங்கும் நோட்டரியை நம்பிவிடுகிறார்கள். அமெரிக்காவில் நோட்டரி என்பவர் கையெழுத்திடுபவர் இன்னார்தான் என்று சான்றளிப்பவர், அவ்வளவுதான். வங்கி ஊழியரோ தபால் பொதிக் கடைக்காரரோகூட நோட்டரியாக இருக்கலாம். எந்தப் படிவத்தை அனுப்புவது, எந்தக் கேள்விக்கு என்ன எழுதுவது என்று சொல்வது சட்ட ஆலோசனை. அதைச் சொல்ல அவருக்கு உரிமை இல்லை. விசா கன்சல்டன்ட், ஏஜென்ட் என்று பெயர்ப்பலகை வைத்திருப்பவர்களுக்கும் இதே விதிதான். ஸ்பானிய மொழி பேசும் நாடுகளிலிருந்து வந்தவர்களும் இதே சொல்லால் ஏமாற்றப்பட்டு வருகிறார்கள், ஏனெனில் அந்நாடுகள் பலவற்றில் நோத்தாரியோ என்பவர் உயர் தகுதி பெற்ற சட்ட வல்லுநர்.

யார் நிரப்பினாலும் வெற்றுப் படிவத்தில் கையெழுத்திடாதீர்கள். அந்தக் கையெழுத்து, உள்ளே எழுதப்பட்ட அனைத்தும் உண்மை என்று நீங்கள் அளிக்கும் உறுதிமொழி. பொய் என்று தெரிந்தே எழுதியதாகக் கண்டறியப்பட்டால் அந்தப் பழி ஆயுள் முழுவதும் உங்கள் கோப்பில் இருக்கும். எழுதிக்கொடுத்தவரோ அடுத்த மாதம் கடையை வேறு தெருவுக்கு மாற்றிவிடுவார்.

முதல் சந்திப்பில் எதைக் கொண்டுபோக வேண்டும், என்ன கேட்க வேண்டும்?

பழையது, புதியது எல்லாப் பாஸ்போர்ட்டுகளும், எத்தனை நாள் தங்கலாம் என்பதைக் காட்டும் ஐ-94 பதிவின் அச்சுப் பிரதியும், இதுவரை குடியேற்றத் துறையிலிருந்து வந்த ஒவ்வொரு கடிதமும், முன்பு அனுப்பிய விண்ணப்பங்களின் நகல்களும் வேண்டும். நீதிமன்றத்தில் ஏதேனும் வழக்கு இருந்திருந்தால் அதன் இறுதித் தீர்ப்பின் சான்றளிக்கப்பட்ட நகலையும் எடுத்துப்போங்கள். பழைய நகல்கள் கையில் இல்லையென்றால், தகவல் அறியும் சட்டத்தின் கீழ் உங்கள் கோப்பை யுஎஸ்சிஐஎஸ்ஸிடமிருந்தே பெறலாம்.

நடந்ததை ஒரு தாளில் தேதி வரிசையில் எழுதிக்கொண்டு போங்கள். சந்திப்பு நேரத்துக்குக் கட்டணம் செலுத்துகிறீர்கள் என்றால், அதில் பாதியை எப்போது வந்தோம் என்று நினைவுபடுத்திக்கொள்வதில் செலவழிக்க வேண்டாம்.

கேட்க வேண்டியவற்றுள் முதன்மையானது: என் வழக்கில் பலவீனமான இடம் எது? இதற்கு நேராகப் பதில் சொல்பவரிடம் எனக்கு நம்பிக்கை வரும். இதே வகை வழக்கை முன்பு நடத்தியிருக்கிறீர்களா, வேலையை நீங்களே பார்ப்பீர்களா அல்லது உதவியாளரா, மின்னஞ்சலுக்கு எத்தனை நாளில் பதில் வரும் என்பவை அடுத்தடுத்து வரும். கட்டாயம் ஜெயித்துத் தருகிறேன் என்பவரிடமிருந்தும், உள்ளே ஆள் இருக்கிறார் என்பவரிடமிருந்தும் எழுந்து வந்துவிடுங்கள்.

நீங்கள் சொல்வதை வழக்கறிஞர் வெளியே சொல்லக்கூடாது. அனுமதித்த காலத்துக்கு மேல் தங்கியிருப்பவருக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. ஆகவே மறைக்காதீர்கள். ஆங்கிலம் தடுமாறினால் உரைபெயர்ப்பாளரைக் கேளுங்கள். மகனையோ மருமகளையோ உடன் அழைத்துப்போனால், அவர்கள் முன் சொல்லக் கூசும் செய்தி ஒன்று சொல்லப்படாமலே போய்விடும்; அடைக்கல வழக்குகளில் பெண்களுக்கு இது பலமுறை நேர்ந்திருக்கிறது.

கட்டணம் எப்படிக் கணக்கிடப்படுகிறது?

விண்ணப்பம் ஒன்றுக்கு இவ்வளவு என்று மொத்தத் தொகையாகவோ, மணிக்கணக்கிலோ வாங்குவார்கள். குடும்ப விண்ணப்பங்களுக்கு மொத்தத் தொகையே பெரும்பாலும் வழக்கம். அரசுக்கான கட்டணம் இதில் சேராது. எடுத்துக்காட்டாக, 2024 ஏப்ரல் முதல் என்-400 விண்ணப்பத்துக்கு இணைய வழியில் 710 டாலர், தாளில் அனுப்பினால் 760 டாலர் என்பது அரசுக் கட்டணம் மட்டுமே. கூடுதல் சான்று கேட்டுக் கடிதம் வந்தால் அதற்குப் பதில் எழுதுவதும், நேர்காணலுக்கு உடன் வருவதும் பேசிய தொகைக்குள் அடங்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஒப்பந்தமும் ரசீதும் தராதவரிடம் பணம் கொடுக்க வேண்டாம்.

என் கம்பெனியின் வழக்கறிஞர் எனக்கும் வழக்கறிஞர்தானே?

எச்-1பி என்ற வேலை விசாவில் இருக்கும் நம்மவர்கள் கேட்க மறந்துபோகும் கேள்வி இதுதான், ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். எச்-1பி மனுவையும், பெர்ம் எனப்படும் தொழிலாளர் சான்றிதழையும், அதற்குப் பின் வரும் ஐ-140 என்ற கிரீன் கார்டு மனுவையும் தாக்கல் செய்பவர் பெரும்பாலும் முதலாளி. மனுதாரர் அவரே, வழக்கறிஞரைத் தேர்ந்தெடுத்துப் பணம் தருபவரும் அவரே. வழக்கறிஞர் இருதரப்புக்கும் சேர்த்து ஆஜராகிறாரா அல்லது நிறுவனத்துக்கு மட்டுமா என்பது அவர் தாக்கல் செய்யும் ஜி-28 படிவத்திலும் நிறுவனத்தோடு அவர் செய்துகொண்ட ஒப்பந்தத்திலும் இருக்கும். உங்கள் பெயரில் ஜி-28 இல்லையென்றால் அவர் உங்கள் வழக்கறிஞர் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். இருதரப்புக்கும் ஆஜராகிறார் என்றாலும், உங்கள் நலனும் கம்பெனியின் நலனும் முரண்படும் நாளில் அவரால் உங்கள் பக்கம் மட்டும் நின்று ஆலோசனை சொல்ல முடியாது. வேலை மாறலாமா, ஆட்குறைப்பு வருமென்று தோன்றுகிறதே என்ன செய்யலாம் போன்றவற்றை அவரிடம் கேட்காமல், உங்கள் சொந்தச் செலவில் வேறொரு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் கேளுங்கள்.

பெர்ம் சான்றிதழுக்கான செலவையும் அதற்கான வழக்கறிஞர் கட்டணத்தையும் ஊழியரிடமிருந்து முதலாளி வாங்கக்கூடாது என்பது 2007 முதல் விதி. சம்பளத்தில் பிடித்துக்கொள்வதும் தவறு. ஐ-140 ஒப்புதல் அறிவிப்பின் நகலையோ, குறைந்தது அதன் ரசீது எண்ணையும் முன்னுரிமைத் தேதியையுமோ கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேலை மாறினாலும் அந்தத் தேதி பொதுவாக உங்களுடன் வரும். கிரீன் கார்டுக்கான பத்தாண்டு வரிசையில் உங்கள் இடமே அதுதான்.

எச்-1பி வேலை போய்விட்டது. எத்தனை நாள் இருக்கலாம்?

அதிகபட்சம் 60 நாள், அல்லது ஐ-94 முடியும் நாள், இவற்றில் எது முன்னால் வருகிறதோ அதுவரை. சம்பளம் கணக்கிடப்பட்ட கடைசி நாளுக்கு மறுநாளிலிருந்து பொதுவாக எண்ணத் தொடங்குகிறார்கள். பணிநீக்க இழப்பீடு பல மாதங்களுக்கு வந்தாலும் இந்தக் கணக்கு நீளாது.

அந்த நாட்களுக்குள் புதிய நிறுவனம் உங்களுக்காக எச்-1பி மனுவைத் தாக்கல் செய்துவிட்டால், ஒப்புதல் வரும்வரை காத்திராமலே அங்கே வேலையைத் தொடங்கலாம். மனு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஆஃபர் லெட்டர் மட்டும் கையில் இருந்தால் போதாது. வேலை அமையாதவர்கள் ஐ-539 மூலம் பார்வையாளர் நிலைக்கு மாற்றக் கேட்பதுண்டு. அந்த மனு நிலுவையில் இருக்கும்போது வேலை செய்யக்கூடாது. எச்-4இல் உள்ள மனைவி, கணவர், பிள்ளைகளின் நிலையும் உங்களுடையதோடு சேர்ந்தே நிற்பதால் அவர்களுக்கும் சேர்த்து விண்ணப்பிக்க வேண்டும். மனுக் காலம் முடிவதற்கு முன்பே நிறுவனம் உங்களை நீக்கினால், நீங்கள் ஊர் திரும்புவதற்கான நியாயமான பயணச் செலவை அது தர வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வேலை போன முதல் வாரத்திலேயே வழக்கறிஞரைப் பாருங்கள். ஐம்பதாம் நாளில் அவரிடம் போனால் வழிகள் பாதி அடைபட்டிருக்கும்.

பாஸ்போர்ட்டில் விசா 2027 வரை இருக்கிறது. அதுவரை தங்கலாம் அல்லவா?

விசா என்பது வாசலில் வந்து கதவைத் தட்டுவதற்கான அனுமதி. உள்ளே எவ்வளவு நாள் இருக்கலாம் என்பதைச் சொல்வது ஐ-94. விமான நிலையத்தில் அதிகாரி பதியும் அந்தத் தேதியை எல்லைக் காவல் துறையின் தளத்தில் எவரும் பார்க்கலாம். ஒவ்வொரு முறை நாட்டுக்குள் வந்த பிறகும், வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறப்பதற்கு முன் அதைப் பாருங்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், தன் குழந்தைக்காக ஒரு சான்றிதழை மொழிபெயர்க்க வந்த பெண் ஒருவரின் காகிதங்களை என் மேசையில் பார்த்தேன். எச்-1பி ஒப்புதல் கடிதத்தில் இன்னும் இரண்டாண்டு மீதமிருந்தது. ஆனால் கடைசியாகச் சென்னையிலிருந்து திரும்பியபோது அவருடைய பாஸ்போர்ட் மார்ச் மாதம் முடிவதாக இருந்ததால், அதிகாரி ஐ-94ஐயும் அதே மார்ச் நாளோடு முடித்திருந்தார். பாஸ்போர்ட்டை அவர் உரிய காலத்தில் புதுப்பித்துவிட்டார். ஐ-94 தானாக நீளும் என்று எண்ணிவிட்டார். நாங்கள் நாட்காட்டியை வைத்து எண்ணியபோது 112 நாள் கடந்திருந்தது. அவர் மறுநாளே ஒரு வழக்கறிஞரைப் பார்த்து, அவர் சொன்னபடி 180 நாளுக்குள் வெளியேறி, சென்னை ஜெமினி சந்திப்பில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் புதிய விசா பெற்றுத் திரும்பினார்.

அந்த 180க்குக் காரணம் உண்டு. 1996இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, சட்டவிரோதமாக 180 நாளுக்கு மேல், ஓராண்டுக்குள் தங்கி வெளியேறுபவர் மூன்றாண்டுகளுக்கும், ஓராண்டு அல்லது அதற்கு மேல் தங்கி வெளியேறுபவர் பத்தாண்டுகளுக்கும் திரும்பி வர முடியாது. விலக்கு பெறுவது எளிதன்று.

என் விசாவில் முதற்பெயர் எஃப்என்யு என்று அச்சாகியிருக்கிறது. இது தவறா?

தவறில்லை, அது முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தந்தை பெயரின் முதலெழுத்துதான் இனிஷியல். இந்தியப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க அரசு உங்கள் ஒரே பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, முதற்பெயர் இடத்தில் எஃப்என்யு என்று போட்டுவிடுகிறது. அது அப்படியே ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு என்று பரவி, மருத்துவமனையில் செவிலியர் எஃப்என்யு என்று கூப்பிடும் அளவுக்கு வந்துவிடும்.

முடிந்தால் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே, தந்தையின் பெயரையோ கணவரின் பெயரையோ குடும்பப் பெயர்க் கட்டத்தில் சேர்த்துப் பாஸ்போர்ட்டை மாற்றி வாங்குங்கள். இங்கே வந்தபின் இந்தியத் துணைத் தூதரகம் வழியாகவும் மாற்றலாம். எப்போது மாற்றினாலும், அதன்பின் நிரப்பும் ஒவ்வொரு படிவத்திலும் முன்பு வழங்கிய பெயர்கள் என்ற கட்டத்தில் பழைய வடிவங்கள் அனைத்தையும் எழுதுங்கள். சான்றிதழ்களில் ஒன்றில் இனிஷியல் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும், மூன்றாவதில் அப்பா பெயர் முழுமையாகவும் இருப்பது நம் வீடுகளில் சாதாரணம். அதை விளக்கி ஓர் உறுதிமொழிப் பத்திரம் இணைத்தால் போதும். பெயர்க் குழப்பம் மட்டுமே காரணமாக ஒரு விண்ணப்பம் தோற்று நான் பார்த்ததில்லை. ஆனால் மாதக்கணக்கில் தாமதமானதைப் பார்த்திருக்கிறேன்.

பிறப்புச் சான்றிதழே இல்லை, அல்லது அதில் என் பெயர் இல்லை. என்ன செய்வது?

ஆண் குழந்தை, பெண் குழந்தை என்று மட்டும் இருக்கும் சான்றிதழ்கள் என்னிடம் வாரம் ஒன்றாவது வரும். பதிவு இருக்கிறது என்றால், பெயரைச் சேர்த்துத் தரும்படி பதிவாளரிடம் விண்ணப்பிக்கலாம். மாநகராட்சி, பேரூராட்சி அலுவலகங்களிலும், தமிழ்நாட்டுக் கிராமங்களில் கிராம நிர்வாக அலுவலரிடமும் அந்தப் பதிவேடு இருக்கும். பதிவே இல்லையென்றால், பதிவு இல்லை என்று அந்த அலுவலகம் தரும் சான்றிதழை முதலில் வாங்குங்கள். அதனோடு எஸ்எஸ்எல்சி புத்தகம் அல்லது மாற்றுச் சான்றிதழையும், நீங்கள் பிறந்ததை நேரில் அறிந்த, வயதில் மூத்த இருவரின் உறுதிமொழிப் பத்திரங்களையும் சேர்க்க வேண்டும். பெரியம்மாவும் தாய்மாமனும் உயிரோடு இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள். கிரீன் கார்டு வரிசை வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டு, சாட்சி சொல்ல ஆளில்லாமல் தவித்தவர்களை எனக்குத் தெரியும்.

மொழிபெயர்ப்பை யார் செய்ய வேண்டும்?

இரு மொழியும் தெரிந்த எவரும் செய்யலாம், உரிமம் தேவையில்லை. மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது, இதைச் செய்யும் தகுதி எனக்கு உண்டு என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஓரத்தில் இருக்கும் முத்திரையையும் கைப்பட எழுதிய குறிப்பையும் விட்டுவிடாமல் மொழிபெயர்க்க வேண்டும். விண்ணப்பதாரரே தம் சான்றிதழை மொழிபெயர்ப்பதைத் தவிர்ப்பது நல்லது.

கிரீன் கார்டு வரிசை எங்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு நீளம்? குறைக்க வழி உண்டா?

வேலைவாய்ப்பு வழியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,40,000 கிரீன் கார்டுகள். எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் பொதுவாக 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. இந்தியாவில் பிறந்தவர்கள் மிகுதியாக விண்ணப்பிப்பதால் அவர்களின் வரிசை பத்தாண்டுகளைத் தாண்டி நிற்கிறது. வெளியுறவுத் துறை மாதந்தோறும் வெளியிடும் விசா புல்லட்டினில் உங்கள் முன்னுரிமைத் தேதிக்கு முறை வந்துவிட்டதா என்று பார்க்கலாம்.

இங்கே கணக்கில் வருவது குடியுரிமை அன்று, பிறந்த நாடு. பலருக்குத் தெரியாத இடம் இது. துபாயிலோ சிங்கப்பூரிலோ பிறந்து, இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் அந்தந்த நாட்டு வரிசையில் நிற்பார். அதைவிட முக்கியமாக, கணவன் மனைவியில் ஒருவர் பிறந்த நாட்டின் வரிசையில் மற்றவரும் சேரலாம். மதுரையில் பிறந்தவர் யாழ்ப்பாணத்திலோ கோலாலம்பூரிலோ பிறந்தவரை மணந்திருந்தால் இந்திய வரிசையில் நிற்கத் தேவையில்லாமல் போகலாம். உங்கள் நிறுவனத்தின் வழக்கறிஞர் மனைவியின் பிறப்பிடத்தைக் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

பெற்றோரை அழைத்து நிரந்தரமாக வைத்துக்கொள்ள முடியுமா?

நீங்கள் 21 வயது நிரம்பிய குடிமகனாக இருந்தால் முடியும், வரிசையும் இல்லை. கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவர் பெற்றோருக்கு விண்ணப்பிக்க முடியாது. ஐ-864 என்ற பொறுப்பேற்புப் படிவத்தில், குடும்ப எண்ணிக்கைக்கு உரிய வறுமைக் கோட்டின் 125 சதவீத வருமானம் உங்களுக்கு இருப்பதைக் காட்ட வேண்டும். உடன்பிறந்தவர்களுக்கும் குடிமகன் விண்ணப்பிக்கலாம், ஆனால் இந்தியாவில் பிறந்தோருக்கு அது பதினைந்து ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காத்திருப்பு.

விண்ணப்பிக்கும் முன், பெற்றோர் உண்மையிலேயே இங்கே வாழ விரும்புகிறார்களா என்று அவர்களிடம் கேளுங்கள். கிரீன் கார்டு என்பது இங்கே குடியிருப்பவருக்கானது. ஆறு மாதத்துக்கு மேல் ஊரில் இருந்துவிட்டு வந்தால் கேள்விகள் எழும். ஓராண்டைத் தாண்டினால் கார்டே ஆபத்துக்குள்ளாகும். நீண்ட காலம் போக வேண்டியிருந்தால், இங்கே இருக்கும்போதே மறுநுழைவு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். விமான நிலையத்தில் ஐ-407 படிவத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால், அது கிரீன் கார்டைத் தாமாகவே விட்டுக்கொடுக்கும் படிவம் என்பதைப் பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கையெழுத்திட மறுத்து, குடியேற்ற நீதிபதியின் முன் விசாரணை கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு.

இலங்கையிலிருந்து வந்து அடைக்கலம் கோர நினைப்பவர் எதை முதலில் அறிய வேண்டும்?

அமெரிக்காவுக்குக் கடைசியாக வந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் ஐ-589 படிவம் தாக்கலாகியிருக்க வேண்டும். நாட்டு நிலைமை மாறியது, கடும் நோய் போன்ற விதிவிலக்குகள் இருந்தாலும் அவற்றை நம்பி நாளைக் கடத்தக்கூடாது. முன்பு இதற்குக் கட்டணம் இல்லை. 2025 ஜூலையில் நிறைவேறிய சட்டம் 100 டாலர் விதித்தது.

இரண்டாவது செய்தி இன்னும் கனமானது. விடுதலைப் புலிகளை அமெரிக்க அரசு 1997 அக்டோபரில் பயங்கரவாத அமைப்பாகப் பட்டியலிட்டது. அத்தகைய அமைப்புக்குப் பொருளுதவி செய்தவர் அடைக்கலம் பெற முடியாது என்பது சட்டம். தொகை சிறியது என்பது தப்பிக்கும் வழியாகாது. வன்னியில் வாழ்ந்த ஒருவர் துப்பாக்கிக்கு அஞ்சி வரி கட்டியதோ, கட்டாயத்தில் பதுங்குகுழி வெட்டியதோகூட இந்தக் கேள்வியை எழுப்பும். கட்டாயத்தின் பேரில் செய்தவர்களுக்கு விலக்களிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு, ஆனால் அதை உரிமையாகக் கோர முடியாது. நடந்ததை மறைப்பது ஒருபோதும் வழியன்று. அதைச் சொல்லும் முறையை, இத்தகைய வழக்குகளை முன்பே நடத்திய வழக்கறிஞருடன் அமர்ந்து, ஒவ்வொரு சம்பவமாக எழுதித் தீர்மானிக்க வேண்டும். வேறொருவரின் கதையைப் படிவத்தில் ஒட்டித் தருகிறேன் என்று சொல்லும் தரகர்கள் இருக்கிறார்கள். வேண்டுமென்றே புனையப்பட்ட அடைக்கல மனு என்று தீர்ப்பானால், குடியேற்றச் சலுகைகள் நிரந்தரமாக மூடப்படும். தம் உண்மைக் கதையே போதுமான வலுவோடு இருந்தும், கடன் வாங்கிய கதையால் தோற்றுப்போனவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

குடியேற்ற நீதிமன்றத்திலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. அரசே வழக்கறிஞரை அமர்த்தித் தருமா?

தராது. குற்ற வழக்கில் கிடைப்பது போல இங்கே அரசுச் செலவில் வழக்கறிஞர் கிடையாது. உங்கள் செலவிலோ இலவச உதவி தருபவர் மூலமோதான் அமர்த்த முடியும். இலவசமாக உதவும் அமைப்புகளின் பட்டியலை ஒவ்வொரு நீதிமன்றமும் தர வேண்டும். வழக்கறிஞர் கிடைக்கவில்லை என்றாலும் குறித்த நாளில் நேரில் போங்கள். நீதிபதியிடம் அவகாசம் கேட்கலாம். போகாமல் இருந்தால் நீங்கள் இல்லாமலே நாடுகடத்தும் உத்தரவு பிறப்பிக்கப்படும்.

வீடு மாறினால் யுஎஸ்சிஐஎஸ்ஸுக்குப் பத்து நாளுக்குள்ளும், வழக்கு இருந்தால் நீதிமன்றத்துக்கு ஐந்து நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். இரண்டும் தனித்தனி, ஒன்றுக்குச் சொன்னது மற்றதற்குப் போய்ச் சேராது.

கடையில் சிறு திருட்டு வழக்கு. குற்ற வழக்கறிஞர் ஒப்புக்கொண்டு அபராதம் கட்டச் சொல்கிறார். செய்யலாமா?

குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். மாநிலச் சட்டத்தில் அற்பமான குற்றம், குடியேற்றச் சட்டத்தில் ஒழுக்கக்கேடான குற்றம் என்று வகைப்படுத்தப்பட்டு விசாவையும் கிரீன் கார்டையும் பாதிக்கலாம். குற்றத்தை ஒப்புக்கொள்வதால் நாடுகடத்தும் ஆபத்து உண்டா என்று கட்சிக்காரருக்குச் சொல்வது குற்ற வழக்கறிஞரின் கடமை என உச்ச நீதிமன்றம் 2010இல் படில்லா வழக்கில் தீர்ப்பளித்தது. அந்தக் கடமையை நினைவூட்டி, எழுத்தில் ஆலோசனை கேளுங்கள். கல்லூரிப் பிள்ளைகளுக்கு இன்னொன்று: உங்கள் மாநிலத்தில் கஞ்சா சட்டப்படி விற்கப்பட்டாலும் கூட்டாட்சிச் சட்டத்தில் அது குற்றமே.

வழக்கறிஞர் தவறு செய்துவிட்டார், போனையும் எடுப்பதில்லை. என்ன வழி?

எந்த நேரத்திலும் மாற்றிக்கொள்ளலாம். புதியவர் தம் ஜி-28ஐத் தாக்கல் செய்வார்; குடியேற்ற நீதிமன்ற வழக்கென்றால் நீதிபதியின் அனுமதியும் வேண்டும். உங்கள் கோப்பு உங்களுடையது. அதைத் தரும்படி பழையவரிடம் எழுத்தில் கேளுங்கள். அவருடைய கவனக்குறைவால் நாடுகடத்தும் உத்தரவு வந்திருந்தால் வழக்கை மீண்டும் திறக்கக் கோர வழியுண்டு. அதற்கு 1988இல் லொசாடா வழக்கில் வகுக்கப்பட்ட நிபந்தனைகள் உள்ளன: நடந்ததை உறுதிமொழிப் பத்திரமாக எழுத வேண்டும், பழைய வழக்கறிஞருக்குக் குற்றச்சாட்டைத் தெரிவித்துப் பதில் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டும், மாநில ஒழுங்கு அமைப்பில் புகார் செய்தீர்களா, இல்லையெனில் ஏன் என்று சொல்ல வேண்டும். இதற்குக் காலக்கெடு உண்டு, ஆகவே வருத்தப்பட்டுக்கொண்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. குடியுரிமைத் தேர்வு எழுத முடியுமா?

கிரீன் கார்டோடு 20 ஆண்டு இங்கே வாழ்ந்த 50 வயதுக்காரருக்கும், 15 ஆண்டு வாழ்ந்த 55 வயதுக்காரருக்கும் ஆங்கிலத் தேர்விலிருந்து விலக்கு உண்டு. குடிமையியல் கேள்விகளுக்குத் தமிழில் பதில் சொல்லலாம். உரைபெயர்ப்பாளரை நாமே அழைத்துப்போக வேண்டும். 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 128 கேள்விகளிலிருந்து 20 வரை கேட்டு 12 சரியாக இருந்தால் தேர்ச்சி. 65 வயதாகி 20 ஆண்டு கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு எளிமையான தனிப் பட்டியல். அதில் பத்துக்கு ஆறு போதும்.

இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதை அம்மாவுக்கு உறுதிமொழி நாளுக்கு முன்பே விளக்கிவிடுங்கள். இலங்கையில் பிறந்தவர்கள் விண்ணப்பித்து இரட்டைக் குடியுரிமை பெறலாம். இந்தியரானால், குடியுரிமைச் சான்றிதழ் கைக்கு வந்தபின் பழைய பாஸ்போர்ட்டை இந்தியத் துணைத் தூதரகத்தில் ஒப்படைக்க வேண்டும். அதை ரத்து செய்து முத்திரையிட்டு, ஒப்படைப்புச் சான்றிதழுடன் திருப்பித் தருவார்கள். அந்தப் பாஸ்போர்ட்டையும் சான்றிதழையும் பத்திரமாக வைத்திருங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது இரண்டும் தேவைப்படும்.